சலூன் கண்ணாடியில் ஏழுமலை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சேலையூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்க்கிறவர்கள். வேலை என்னவென்றால், சிற்பிகள் தங்கள் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது போய்ப் படம் எடுப்பது. சிலை முடிந்து மாலை போட்ட பிறகு யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அது மூக்கில்லாமல், காதில்லாமல், ஈரத்துணி சுற்றிக்கொண்டு நிற்கும்போது எடுத்து வைப்பதற்கு ஒரு கலை நிறுவனம் எனக்கு மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு உத்தியோகம் உண்டு என்று என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. நான் ஏதோ தாலுகா ஆபீஸில் இருப்பதாகத்தான் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

வந்தவர்களில் நித்யா என்கிற பெண், "பட்டறைக்குள்ள எடுக்க எந்த லென்ஸ் மேடம் பெஸ்ட்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லென்ஸைப் பற்றி என்ன பேசினாலும் அரை மணியில் தீர்ந்துவிடும், ஆட்களைப் பற்றி எழுதித் தருகிறேன், அதைப் படி என்று சொல்லி அனுப்பினேன்.

நான் தொழில் கற்றது தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில். கற்றது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. "முகவாயை இறக்குங்க, தோளை நேரா வைங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே எனக்குப் புரிந்த ஒரே பேருண்மை, தன் படம் யாருக்கும் பிடிக்காது என்பதுதான். "என் மூக்கு இப்படியா இருக்கு?" என்று சண்டைக்கு வருவார்கள். ஸ்டூடியோ முதலாளி அசர மாட்டார். "நாளைக்கு வாங்க, வேற பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்பார். அதே நெகட்டிவை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு இன்னொரு பிரதி எடுப்பார். மறுநாள் வந்தவர், "ஆங், இப்பதான் என்னை மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார். காரணம் கேட்டேன். "தினமும் கண்ணாடியில பாக்கிற மூஞ்சிதாம்மா அவங்களுக்குத் தெரியும். கண்ணாடி திருப்பித்தானே காட்டுது? நானும் திருப்பிக் குடுத்தேன்" என்றார். அப்போது அதை ஒரு வியாபாரத் தந்திரம் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

அதன் பிறகு கலை நிறுவனத்தில் வேலை. அங்கே எனக்கு மேலதிகாரி தேவசகாயம் சார். மெலிந்த மனிதர், எப்போதும் வெள்ளை பேன்ட். பட்டறைக்குப் போகும் வேலையில் வெள்ளை பேன்ட் போடுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும், அதில் ஒரு சொட்டு மண் பட்டும் நான் பார்த்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். சிற்பியின் முன்னால் நாம் மணி பார்த்தால் அவர் கை அவசரப்படும் என்பார்.

அவருடைய முறை இதுதான். முதல் தடவை போகும்போது கேமராவே கூடாது. சும்மா போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வர வேண்டும். அடுத்த தடவை கேமரா கழுத்தில் தொங்கலாம், கண்ணுக்குப் போகக்கூடாது. அதற்கும் அடுத்த தடவை சிற்பியே பொறுமை இழந்து, "என்னங்க, இன்னும் எடுக்கலையா?" என்று கேட்பார். அதற்கும் சிரித்து வைக்க வேண்டும். அவர் கேட்டதையும் மறந்து, நம்மையும் மறந்து, வேலையில் முழுகிய பிறகுதான் முதல் படம். "மண்ணைத் தொடாதே, கருவியைத் தொடாதே, டீயை மட்டும் தொடு" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

திட்டவே மாட்டார். நான் எடுத்த படங்களையெல்லாம் சின்னதாக ஒரே தாளில் பிரிண்ட் போட்டு மேஜையில் வைப்பேன். பூதக்கண்ணாடியை ஒவ்வொன்றின் மேலும் நகர்த்திக்கொண்டே வந்து, ஏதாவது ஒன்றின் மேல் அதை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பூதக்கண்ணாடி உட்கார்ந்திருக்கும் படம் மோசம் என்று அர்த்தம். என்ன மோசம் என்பதை அவர் திரும்பி வருவதற்குள் நானே கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் பூதக்கண்ணாடியை எடுத்து ஒளித்தே வைத்துவிட்டேன். சார் ஒன்றும் சொல்லாமல் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மோசமான படத்தின் மேல் வைத்துவிட்டுத் தட்டுத் தடுமாறி டீக்கடைக்குப் போனார். அன்றைக்கு அடங்கினவள்தான் நான்.

அவர் சொன்னவற்றில் இன்னொன்று உண்டு. உருவச் சிலை செய்கிற பல பட்டறைகளில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கும். ஒரே முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடுவதால் கோணல் கண்ணில் படாது. சிற்பி முதுகைத் திருப்பி, கண்ணாடியில் தெரியும் சிலையைப் பார்ப்பார். இடம் வலம் மாறித் தெரிவதால் புது ஆளைப் பார்ப்பது போல இருக்கும், தப்பு பளிச்சென்று தெரியும். "அந்தக் கண்ணாடி அவருக்கு இன்னொரு கண். அதுக்குள்ள போய் நீ விழாதே விஜயா" என்பார் சார். ஆகவே எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் தேடுவது கண்ணாடியை. அதில் நான் தெரியாத மூலை எது என்று பார்த்து அங்கே போய் ஒண்டிக்கொள்வேன்.

இப்படி ஒண்டிக்கொண்டே எத்தனையோ ஆட்களைப் பார்த்தேன். நாவலூரில் ஒரு கருங்கல் சிற்பி இருந்தார். பக்கத்து ஐ.டி. கம்பெனியின் முகப்புக்கு யானை செய்துகொண்டிருந்தார். கையில் கல் அறுக்கிற கிரைண்டர், முகத்தில் துணி, தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் தூசி. கம்பெனியிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்று போன் வந்தால் போதும், கிரைண்டரைச் சாக்கால் மூடிவிட்டு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர்கள் மெய்சிலிர்த்துப் போன் கேமராவில் எடுத்துக்கொண்டு போவார்கள். "எனக்கும் உளியோட ஒண்ணு எடுங்கம்மா" என்றார். நான் கிரைண்டரோடுதான் எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "பேய் மாதிரி இருக்கேன்" என்று குதூகலமாகச் சொல்லி, அதையே தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கரணையில் ஒரு பெண்மணி பழைய இரும்பை வெல்டிங் செய்து பறவைகள் செய்வார். சதுப்பு நிலத்தில் எதிரே நிஜப் பறவை ஒற்றைக் காலில் நிற்கும், இங்கே சைக்கிள் செயினால் ஆன பறவை நிற்கும். ஒரு நாள் நான் விளக்கு ஸ்டாண்டைப் பிரித்துத் தரையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அதில் ஒரு கால் நாரையின் கால் ஆகிவிட்டது. வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பறவைக்கு அந்தக் கால் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்க மனசு வரவில்லை. ஸ்டாண்டு எங்கே என்று ஆபீஸ் கேட்டதற்கு, நாரையின் படத்தையே அனுப்பி வைத்தேன்.

இனி ஏழுமலை. என் கடைசி வருஷ வேலை அது. இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

சென்னையே மூழ்கிய அந்தப் பெருவெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு காலனியே மூழ்கிவிட்டது. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஏழுமலை என்பவர் தன் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருத் தெருவாகப் போய் எல்லோரையும் இறக்கிக் கரை சேர்த்தார். ஒரு டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, பெயரைக் கூடச் சரியாகச் சொல்லாமல் போய்விட்டார். சில வருஷம் கழித்து, கடலிலிருந்து திரும்பி வந்து படகை மேலே இழுத்துப் போட்ட இடத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். காலனிக்காரர்களுக்குச் செய்தி தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் விசாரிக்கப் போனவர்கள், அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை செய்து குப்பத்தில் வலை பின்னுகிற வலைக்கூடத்தின் வாசலில் வைப்பது என்று முடிவெடுத்துத் திரும்பி வந்தார்கள். முன்னால் நின்று நடத்தியவர் காலனியின் செயலாளர் ராமநாதன் சார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சிற்பி ஏகாம்பரம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு பெயின்ட் ஷெட்டுக்கும் நடுவில் அவருடைய ஷெட். தலைவர்கள் சிலை செய்து பேர் வாங்கினவர். அவருக்கு அமைதியில் வேலை ஓடாது. லேத் ஓடினால்தான் கை ஓடும். மின்வெட்டு வந்து லேத் நின்றுவிட்டால் இவரும் மண்ணை வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பார். வேலை செய்யும்போது சிலையோடு பேசிக்கொண்டே இருப்பார். "ஏம்பா ஏழுமல, அந்தப் புருவத்தக் கொஞ்சம் எறக்கேன், நானும் வூட்டுக்குப் போவணும்ல" என்று கெஞ்சுவார். சுவரில் மூடிப்போன ஒரு சலூனிலிருந்து வாங்கி வந்த கண்ணாடி. அதன் முன்னால் நின்று தன் தலையையும் ஒரு தடவை சீவிக்கொண்டுதான் சிலையைச் சரிபார்ப்பார்.

பிரச்சினை, ஏழுமலைக்கு உருப்படியான படம் இல்லை. கல்யாண ஆல்பம் ஒரு மழையில் நனைந்து ஒட்டிப் போயிருந்தது. ஆதார் அட்டையில் இருந்தது எந்த மனிதராகவும் இருக்கலாம். கடைசியில் கிடைத்தது அவரே போனில் எடுத்துக்கொண்ட ஒரு செல்ஃபி. காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, யாருடையதோ வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒட்டி, கண்ணீர் அஞ்சலி போட்டிருந்தார். அந்தப் படம்தான் ஏகாம்பரத்தின் கைக்கு வந்தது. பக்கவாட்டுத் தோற்றத்துக்கு ஏழுமலையின் தம்பி செல்வத்தை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார்.

காலனிக்காரர்களை விசாரித்ததில் இன்னும் குழப்பம்தான். கொட்டும் மழையில் தலையில் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டிருந்த மனிதரை ஆளுக்கு ஒரு மாதிரி பார்த்திருந்தார்கள். ஒருவர் பெரிய மீசை என்றார், இன்னொருவர் மீசையே இல்லை என்றார். ராமநாதன் சாரின் மனைவி படகில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர். "முதுகு நன்னா ஞாபகம் இருக்கு" என்று உறுதியாகச் சொன்னார். ஏகாம்பரம் அதற்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

களிமண் முகம் உருவாகி வருவதை நான் மூலையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தேன். இரண்டு கால் உள்ள காலிபரால் படத்தில் ஒரு அளவு, மண்ணில் ஒரு அளவு என்று விடாமல் அளந்து செய்தார். நெற்றி, கன்னம், ஒரு பக்கமாகக் கொஞ்சம் வளைந்த மூக்கு, ஒரு ஓரம் மட்டும் மேலேறிய சிரிப்பு. எனக்கு அது மிகவும் உயிருள்ள முகமாகத் தெரிந்தது.

மண்ணில் இருக்கும்போதே வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அவர்கள் சரி என்ற பிறகுதான் பிளாஸ்டரில் அச்சு எடுப்பது. அச்சைப் பிரிக்கும்போது மண் முகம் சிதைந்துவிடும், பிறகு மாற்ற முடியாது. ஏழுமலைக்கு அச்சு எடுக்கிறவர் மறுநாள் வருவதாக இருந்தது. அன்றைக்கு ராமநாதன் சார், செல்வம், ஏழுமலையின் மனைவி தேசம்மா மூன்று பேரும் வந்தார்கள். தேசம்மா தலைச்சுமையாக மீன் விற்கிறவள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

ஏகாம்பரம் ஈரத்துணியை எடுத்தார். "அப்படியே அண்ணன்தான்" என்று செல்வம் கையெடுத்துக் கும்பிட்டான். ராமநாதன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேசம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கிட்டே போனாள், தள்ளி வந்தாள்.

"இது அவுரு இல்ல" என்றாள்.

மூக்கா, கண்ணா, எங்கே தப்பு என்று ஏகாம்பரம் கேட்டார். எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாம் இருக்கிறது, ஆனால் அவர் இல்லை என்று மட்டும் சொன்னாள். ஏகாம்பரம் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்துக் காலிபரால் அளந்து அளந்து காட்டினார். படம் சரிதான் என்று தேசம்மாவும் சொன்னாள். படத்தில் இருப்பதுதான் மண்ணில் இருந்தது. பாவம், அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "போட்டோவுல சரியா கீதுன்றியேமா. அதே தான இதுவும்?" என்றார்.

"போன்ல அவுரு கைக்குள்ள கீறாரு அண்ணா. சின்னதா கீறாரு. இங்க எதுர்ல நிக்கிறாரு. எதுர்ல நின்னா தெரியுதுல்ல?"

ராமநாதன் சார் தணிந்த குரலில் என்னிடம் வந்து, துக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்தச் சிலையும் அவர் மாதிரி இருக்காதுதான், நாளாக ஆகப் பழகிவிடும், வேலையை நிறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது தேசம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"சார், நீங்க வெச்சிட்டுப் பூடுவீங்க. நான் டெய்லி அந்த வாசலாண்டதான் கூடைய தூக்கிகினு போவணும், வரணும். யாரோ ஒரு ஆம்பள நின்னுகினு என்ன பாத்துகினு இருப்பான். ஊரே அவன என் வூட்டுக்காரருன்னு சொல்லும். நான் இன்னா பண்றது?"

பக்கத்து லேத் அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. செல்வம், "அண்ணி, பெரியவங்க செலவு பண்ணிச் செய்றாங்க" என்று ஏதோ ஆரம்பித்தான். அவள் சிலையைப் பார்க்கப் பிடிக்காமல் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

நான் என் மூலையில் கேமராவைக் கண்ணில் வைத்தபடி இருந்தேன். கண்ணாடியில் விழாமல் ஒதுங்கி நின்றதால், பக்கவாட்டில் அந்தச் சலூன் கண்ணாடியும் அதன் முன்னால் அவள் முகமும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். எதிரே கண்ணாடி. அதில் அவளுடைய தோளுக்குப் பின்னால் மண் முகம். அவள் உதடு பிரிந்தது. கையை நீட்டிக் கண்ணாடியைக் காட்டினாள்.

"தோ கீறாரே" என்றாள். "இங்க கீறாரே. இவுரு தான்."

செல்வம் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தான். ராமநாதன் சார் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். அவள் யாரையும் லட்சியம் செய்யாமல் கண்ணாடியையே பார்த்து நின்றாள். எனக்கு அந்த நொடியில் தாம்பரம் மார்க்கெட் ஸ்டூடியோ முதலாளியின் குரல் கேட்டது. நான் கேமராவை இறக்கிவிட்டு அவளிடம், ஏழுமலையின் போன் எங்கே, அந்த செல்ஃபி அழியாமல் இருக்கிறதா என்று கேட்டேன். இடுப்பிலிருந்த சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவருடைய போனையே அவள்தான் வைத்திருந்தாள்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அழித்துவிட்ட பின்னணி அதில் முழுசாக இருந்தது. ஏழுமலைக்குப் பின்னால் அவருடைய படகு. படகில் எழுதியிருந்த பெயரின் எழுத்துக்கள் அத்தனையும் இடம் வலமாகத் திரும்பி நின்றன.

சில போன்களில் செல்ஃபி எடுத்தால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பித்தான் பதிவாகும். எடுக்கிறவருக்கு அது தெரியாது, தன்னைத் தினமும் கண்ணாடியில் அப்படித்தானே பார்க்கிறார். ஆக, ஏகாம்பரம் ஒரு மயிரிழை கூடத் தவறாமல், ஏழுமலையின் கண்ணாடி பிம்பத்தைச் செய்து வைத்திருந்தார். மூக்கு வளைவு எதிர்ப் பக்கம், சிரிப்பு எதிர்ப் பக்கம். எதிரே உட்கார்ந்து அவருக்குச் சோறு போட்ட ஒருத்திக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. போன் திருப்பினதைச் சலூன் கண்ணாடி மறுபடி திருப்பிக் காட்டவும் மனிதர் நேரே வந்துவிட்டார்.

"இந்த எழுத்து எப்பவும் அப்டித்தான் கீது, போன் அப்டித்தான் எடுக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள் தேசம்மா. ஏகாம்பரம் போனைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு. அது ராமநாதன் சாருக்குத் தொற்றி, செல்வத்துக்குத் தொற்றி, கடைசியில் தேசம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளைச் சந்தேகப்பட்டதற்கு ராமநாதன் சார் மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல சார், எனக்கே என் மேல டவுட்டாதான் இருந்துது" என்றாள்.

அச்சு எடுக்கிறவரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மண் முகத்தை அப்படியே சுழற்றி வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. புருவம், மூக்கு, கன்னம், வாய் ஓரம் எல்லாவற்றையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். நித்யா, கவனித்துக்கொள், என் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்ல படங்கள் அதற்கப்புறம் எடுத்தவைதான். ஏகாம்பரம் ஃப்ளெக்ஸ் படத்தை ஓரங்கட்டினார். கண்ணாடியில் தெரியும் ஏழுமலையைப் பார்த்து, கண்ணெதிரே இருக்கிற ஏழுமலையைத் திருத்த ஆரம்பித்தார். ஆனால் மண்ணில் ஒன்றைத் திருத்தினால் கண்ணாடியில் இருப்பதும் மாறிவிடுமே. "நில்லுபா, நீ ஆடாத" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவார். செல்ஃபியைத் திருப்பிப் போட்டாலும் ஒரு கோணம்தான் கிடைக்கும் என்பதால் கடைசியில், திருத்துவதற்கு முன்னால் கண்ணாடியில் தெரிந்ததை நான் எடுத்து வைத்திருந்த படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு செய்தார். தேவசகாயம் சார் உயிரோடு இருந்திருந்தால் பூதக்கண்ணாடியை எதன் மேல் வைப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். வைக்க இடம் தேடியிருப்பார்.

இரண்டாவது தடவை தேசம்மா தனியாக வந்தாள். இந்தத் தடவை கூடையில் எங்களுக்காக வஞ்சிரம் இருந்தது. ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டார். துணியை எடுத்தார்.

அவள் முதலில் கண்ணாடியைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு மெதுவாகத் திரும்பி மண்ணைப் பார்த்தாள்.

வெகு நேரம் பார்த்தாள். பிறகு வீட்டில் பேசுவது போலச் சாதாரணமாக, "துன்னுட்டுப் போன்னு சொன்னேன்ல. கேட்டியா நீ" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லிக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை. கண் மறைத்தாலும் இப்போதைய கேமராக்கள் தாமாகவே ஃபோகஸ் செய்துகொள்கின்றன. புதுக் கேமராக்களை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், அன்றைக்கு ஒன்றுக்கு மனசாரக் கும்பிடு போட்டேன். ஏகாம்பரம் வாசலுக்குப் போய் லேத் பட்டறைக்காரரிடம் சத்தமாக, "ஓகே ஆயிட்சிபா" என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து ஷெட்டுகளில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. யாரோ விசில் அடித்தார்கள்.

திறப்பு நாளன்று முடிச்சூரிலிருந்து காலனியே வேன் வைத்து வந்திருந்தது. குப்பத்துப் பெண்கள் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். சைவக்காரர்களுக்குத் தனியாகப் பாயசம். ராமநாதன் சாரின் மனைவி சிலைக்குப் பின்னால் போய் நின்று பார்த்து, "ஆமா, இவர்தான்" என்று சான்று கொடுத்தார். ஏகாம்பரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வலைக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடியில் தலையை ஒரு தடவை சீவிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு தேசம்மா சுருக்குப்பையிலிருந்து ஏழுமலையின் போனை எடுத்தாள். சிலைக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். "யக்கா, இங்க பாரேன். மறுபடியும் மாத்திட்சி" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மாற்றித்தான் இருந்தது. ஏழுமலையின் சிரிப்பு பழையபடி எதிர்ப் பக்கத்தில் இருந்தது.

"கொண்டா, செட்டிங்ஸ்ல சரி பண்ணித் தரேன். இனிமே எடுக்கிறதெல்லாம் நேரா வரும்" என்று கையை நீட்டினேன். அவள் போனைக் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"வாணாம்க்கா, உட்டுடு. அவுரு மட்டுமா திரும்பிகினு கீறாரு? நானும்தான் திரும்பிகினு கீறேன். ரெண்டு பேரும் ஒரே பக்கமாதான கீறோம்."

போன் சுருக்குப்பைக்குள் போனது. யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். நான் அதை மட்டும் தொட்டேன்.